கேமராவுக்குள் அடித்த வெயில்

பனைக்கோட்டூர் பஸ் ஸ்டாண்டில் புரட்டாசி மழை கொட்டிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில், டைம் கீப்பர் அறையில் இருந்த கம்ப்யூட்டருக்குள் மட்டும் சுள்ளென்று வெயில் அடித்தது. இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் அது எப்படி என்று கேட்பார்கள். பனைக்கோட்டூர்க்காரர்கள் அப்படிக் கேட்கவில்லை. எத்தனை மணிவரைக்கும் பார்க்கலாம், உட்கார இடம் உண்டா என்றுதான் கேட்டார்கள், ஏனென்றால் பஸ் ஸ்டாண்டில் எது எப்படி வந்தது என்று கேட்டுக்கொண்டு நிற்பவனுக்கு ஒருநாளும் சீட் கிடைத்ததில்லை.

அந்த வெயிலை முதலில் பார்த்தவள் உலகம்மை. வயது முப்பத்து நாலு, கல்யாணம் ஆகவில்லை, வீட்டு மாடியில் உட்கார்ந்து எங்கெங்கோ இருக்கும் கம்பெனிகளுக்கு ப்ரோகிராம் எழுதிக் கொடுப்பவள். நகராட்சி அவளிடம் ஒரு வேலையை ஒப்படைத்திருந்தது. மூன்றாம் நடைமேடைக்கு எதிரே தூணில் ஒரு கேமரா. நடைமேடையில் நிற்கும் ஒருவர் கையைத் தூக்கி மூன்று விநாடி பிடித்தால் கேமரா அதைக் கண்டுகொள்ள வேண்டும். வண்டி நிற்கிறதா என்று பார்த்து, நின்றால் அதன் பெயர்ப் பலகையைப் படித்து ஸ்பீக்கரில் சொல்ல வேண்டும். படிக்கத் தெரியாதவர்களுக்கும் கண் மங்கியவர்களுக்கும் உதவியாக இருக்கும் என்பது நகராட்சியின் எண்ணம். குரல் கொடுக்க வேறு ஆள் கிடைக்காததால் உலகம்மை தன் குரலையே பதிவு செய்திருந்தாள். வண்டி இல்லையென்றால், "அடுத்த வண்டிக்குக் காத்திருங்கள்." நின்றால், ஊர்ப்பெயரைச் சொல்லி, "வண்டி நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள்." எழுதிக் கொடுத்ததைப் படிப்பதுபோல்தான் படித்திருந்தாள், ஆனாலும் கேட்டவர்கள் வீட்டுப் பெண் கூப்பிடுவதுபோல இருக்கிறது என்றார்கள்.

அதற்கெல்லாம் முன்னால் அந்தக் கம்ப்யூட்டரை வேலைக்குத் தயார்ப்படுத்த வேண்டியிருந்தது, அதில்தான் அவளுக்கு மூன்று நாள் நாக்குத் தள்ளியது. நகராட்சிக் கிடங்கிலிருந்து வந்த பழைய பெட்டி அது. உள்ளே ரூபாய்க் காசு அளவில் இருக்கும் பேட்டரி செத்துப்போயிருந்ததால், எப்போது போட்டாலும் தேதி மட்டும் ஏழு வருஷத்துக்கு முந்தைய மார்ச் ஒன்பதில் போய் விழுந்தது; மணி மட்டும் எப்படிச் சரியாக இருந்தது என்று கேட்பவர்கள் இந்தக் கதையில் இன்னும் பலவற்றைக் கேட்க வேண்டியிருக்கும், அவர்கள் இப்போதே அடுத்த வண்டி பிடிப்பது நல்லது. பைத்தான் மொழியை நெட்டிலிருந்து இறக்கப் போனால், அந்த இணையதளம் காட்டிய சான்றிதழ் தன் தேதிப்படி இன்னும் வழங்கப்படவே இல்லை என்று பெட்டி ஒத்துக்கொள்ள மறுத்தது. தேதியைத் திருத்தியிருந்தால் அந்த நிமிஷமே தீர்ந்திருக்கும். உலகம்மைக்கு அது தோன்றவில்லை. நெட் சரியில்லை என்று நினைத்து, வேண்டிய லைப்ரரிகள் என்னும் துணை ப்ரோகிராம்களை எல்லாம் வீட்டிலிருந்து பென் டிரைவில் சுமந்து வந்தாள். ஒரு லைப்ரரி இன்னொன்றின் பழைய பதிப்பைக் கேட்டது, அந்தப் பழையது அதைவிடப் பழைய ஒன்றைக் கேட்டது, கல்யாண வீட்டில் பங்காளிகளைச் சமாதானம் செய்வதுபோல ஒவ்வொன்றாக இழுத்து வந்து, மற்ற ப்ரோகிராம்களோடு ஒட்டாமல் உறவாடாமல் தனியாக ஒரு விர்ச்சுவல் என்விரான்மென்ட் கட்டி, அதற்குள் எல்லாவற்றையும் குடிவைத்தாள். ஊர்க்காரர்கள் பின்னால் அதற்குக் கூடு என்று பெயர் வைத்தார்கள்.

நாலாம் நாள் கூடு வேலை செய்தது. திரையில் சிறிய ஜன்னல் ஒன்று திறந்தது, அதில் மூன்றாம் நடைமேடை தெரிந்தது, தரை காய்ந்து வெள்ளை வெளேரென்று கிடந்தது, வேப்பமர நிழலில் ஒரு பெண் வேர்க்கடலை தின்றுகொண்டிருந்தாள். உலகம்மை வாசலுக்கு வந்து எட்டிப் பார்த்தாள். வெளியே மழை. வேப்பமரம் இல்லை. பிறகு திரும்பப் போய்த் திரையைப் பார்த்தாள்.

டைம் கீப்பர் சங்கரபாண்டியன் பதிவேட்டில் வண்டி நேரம் எழுதிக்கொண்டிருந்தவர், மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"இது நம்ம வேம்புல்லா. வெட்டி அஞ்சு வருசம் ஆச்சே" என்றார். "நல்லாத்தாம்மா தெரியுது. கலர் கொஞ்சம் கூட்டலாமா?"

"அண்ணாச்சி, இது இன்னைக்கு இல்ல."

"அதான் தெரியுதே. இன்னைக்கு மழைல்லா பெய்யுது" என்று சொல்லிவிட்டு அவர் டீ சொல்லியனுப்பினார். இரண்டு டீ. அவ்வளவுதான் அவருடைய ஆச்சரியம்.

முதல் வாரத்தில் ஊர் அதன் சட்டதிட்டங்களைப் பழகிக்கொண்டது. கரண்ட் போய்ப் பெட்டி அணைந்தால், மறுபடி போடும்போது மார்ச் ஒன்பதிலிருந்துதான் ஓடும். இரண்டு தடவை அணைந்தது, இரண்டு தடவையும் அதே பெண் அதே வேர்க்கடலையைத் தின்றாள். தேதியைக் கையால் நகர்த்தி வைத்தால் கேமரா நம்பாது, இன்றைய பஸ் ஸ்டாண்டைக் காட்டும். புது பேட்டரி போட்டாலும் அப்படித்தான். வீடியோவாகச் சேமித்தாலும், செல்போனில் திரையைப் படம் எடுத்தாலும், இன்றைய மழைதான் பதிவாகும். ஆக, ஒருவருக்கு ஒரு நாளைப் பார்க்க வேண்டுமென்றால், அந்த நாள் அதன் வேகத்தில் நடந்து வரும்வரை காத்திருக்க வேண்டும், அதுவரை பெட்டி அணையக்கூடாது. மூன்றாம் தடவையாகப் பெட்டியைப் போட்டது புரட்டாசி நாலாம் தேதி. அன்றிலிருந்துதான் ஊர் நாளை எண்ண ஆரம்பித்தது.

மானிட்டரை ஜன்னல் பக்கம் திருப்பி வைத்தார்கள். வெளியே நாலு பெஞ்சு போட்டார்கள். பஸ்ஸில் இடம் பிடிப்பதுபோலவே விடிந்ததும் விடியாததுமாக வந்து பெஞ்சில் துண்டைப் போட்டுவிட்டுப் போனார்கள், துண்டுக்கு உள்ள மரியாதை அங்கேயும் இருந்தது, யாரும் அடுத்தவர் துண்டை நகர்த்தவில்லை. செத்துப்போனவர்களைப் பார்க்க வந்தவர்களுக்கு முதல் பெஞ்சு என்று யாரும் சொல்லாமலே ஆனது. கணவனைப் பறிகொடுத்தவர்கள் வந்தார்கள், அவர் தென்காசி வண்டிக்கு நிற்பதையும் கொட்டாவி விடுவதையும் பார்த்து, "வேட்டியை எப்பப் பாத்தாலும் இப்பிடித்தான் தரையக் கூட்டுற மாதிரி கெட்டுவாரு" என்று ஏசிவிட்டுக் கண்ணைத் துடைத்தார்கள். ஆறு வயதுச் சிறுமி ஒருத்தி தன் அம்மா மட்டும் நடந்து போவதைப் பார்த்து, நான் எங்கே என்று அழுதாள். நீ வயிற்றுக்குள் இருக்கிறாய் என்று நாலு பேர் விரல் வைத்துக் காட்டிய பிறகுதான் அடங்கினாள். போலீஸ்காரர் ஒருவர் ஏழு வருஷத்துக்கு முன்னால் காணாமல்போன தன் சைக்கிளைத் தன் மைத்துனனே தள்ளிக்கொண்டு போவதைச் சீருடையோடு நின்று பார்த்தார், வீட்டுக்குப் போனார், அன்று அவர் வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று கேள்வி. நகராட்சித் தலைவர், இது என்ன கூத்து, உடனே சரிசெய்து இன்றைக்கு உள்ளதைக் காட்டச் சொல்லுங்கள் என்று கத்திக்கொண்டே வந்தவர், திரையில் தாமே வேறு கட்சியின் கரை வேட்டியில் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்பதைக் கண்டு, பெஞ்சில் இருந்தவர்கள் எல்லாரும் நாகரிகமாக வேறு பக்கம் பார்க்க, வந்த வழியே திரும்பினார். அப்புறம் அவர் சரிசெய்யச் சொல்லவில்லை. பொங்கல் கழியட்டும் என்று சொல்லிவிட்டார்.

ஸ்பீக்கருக்குப் பழகத்தான் கொஞ்ச நாள் ஆனது. ஏழு வருஷத்துக்கு முன்னால் யாரோ கையைத் தூக்கினால் இன்றைய பஸ் ஸ்டாண்டில் உலகம்மையின் குரல் சொல்லும்: "சிவகிரி வண்டி நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள்." பையும் குடையுமாக ஓடி வந்தவர்கள் வெறும் நடைமேடையில் மழையைப் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். பிறகு அவர்களும் பழகிக்கொண்டார்கள். குரல் கேட்டால், "அந்தக் காலத்து வண்டி" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள்.

கூட்டுக்குள் எதையும் தொட உலகம்மை யாரையும் விடவில்லை. தினமும் காலையில் திரையின் மூலையில் 'அப்டேட் செய்யலாமா' என்று கேட்கும். சங்கரபாண்டியன் குளித்து நெற்றியில் திருநீறோடு வந்து, 'பிறகு' என்பதை ஒரே ஒரு தடவை அழுத்திவிட்டுத்தான் பதிவேட்டைத் திறப்பார். மின்வாரியத்தில் மாதம் ஒருநாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்தும்போது, லைன்மேன் தாமாகவே பஸ் ஸ்டாண்டுக்கு மட்டும் வேறு லைனில் இழுத்துக் கொடுத்தார், அவருடைய அம்மா சித்திரைக் கடைசியில் மதுரை ஆஸ்பத்திரிக்குப் புறப்பட்ட நாள் வரவேண்டியிருந்தது. ஆட்டோக்காரர்கள் யூபிஎஸ்ஸுக்கு இன்னொரு பேட்டரி கொண்டுவந்து மாட்டினார்கள். மார்ச் ஒன்பதுக்கு முன்னால் தங்கள் நாளைத் தொலைத்தவர்கள் மட்டும் வந்து, எங்களுக்கு ஒரு வழி செய்யக்கூடாதா என்று கேட்டார்கள், உலகம்மை ஒவ்வொருவரிடமும் முடியாது என்று சொல்லி, சொன்ன ஒவ்வொரு தடவையும் சோறு இறங்காமல் இருந்தாள்.

அவளுக்கும் ஒரு நாள் இருந்தது. ஜூன் இரண்டு, காலை பத்து பத்து.

செல்வின் என்று ஒருவன். லாரிக்கும் வேனுக்கும் நம்பர் பிளேட் எழுதுகிறவன், உலகம்மையின் ஸ்கூட்டருக்கு எழுதிக் கொடுத்ததில் ஆரம்பித்தது. இரண்டு வருஷம் ஊருக்குத் தெரியாமல் பேசினார்கள், சர்ச்சுக்குப் போகும் வேதக்கார வீட்டுப் பையனுக்குக் கொடுக்க உலகம்மையின் அப்பா உயிரோடு இருக்கும்வரை சம்மதிக்க மாட்டார் என்பது இரண்டு பேருக்கும் தெரிந்திருந்தது. ஜூன் இரண்டாம் தேதி பத்து பத்து கோயம்புத்தூர் வண்டியில் கிளம்பிப் போய், அங்கே அவனுடைய அண்ணன் ஏற்பாடு செய்திருக்கும் ரிஜிஸ்தர் ஆபீஸில் கையெழுத்துப் போடுவது என்று முடிவு செய்தார்கள். அன்று காலையில் பையைக் கட்டிலுக்கு அடியில் தயாராக வைத்துவிட்டு உலகம்மை வெளியே வந்தபோது அப்பா, "கண்ணாடி ஒடஞ்சு போச்சும்மா, பேப்பரக் கொஞ்சம் வாசி" என்றார். அவள் உட்கார்ந்து வாசித்தாள். தலைப்புச் செய்தி வாசித்தாள், மாவட்டச் செய்தி வாசித்தாள், ஒன்பதரைக்கு எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள், விளையாட்டுச் செய்தி வாசித்தாள், பத்து மணிக்கு எழுந்திருக்கலாம் என்று நினைத்தாள், டெண்டர் அறிவிப்புகளை வாசித்தாள், அப்பா தூங்கிவிட்ட பிறகும் காணாமல்போனவர்கள் அறிவிப்பை வாசித்தாள். கதவு திறந்துதான் இருந்தது. யாரும் அவளைப் பிடித்து வைக்கவில்லை.

மத்தியானம் அவனுடைய போனுக்குக் கூப்பிட்டாள். அணைத்து வைக்கப்பட்டிருந்தது, அதன்பிறகு அது திறக்கவே இல்லை. அவன் எங்கே போனான், எப்படி இருக்கிறான் என்று ஒரு தகவலும் இல்லை. வந்து நின்று ஏமாந்திருந்தால் ஒரு தடவையாவது கூப்பிட்டுத் திட்டியிருப்பான், திட்டவில்லை என்றால் அவனும் வரவில்லை என்று அர்த்தம்: இந்த ஒரு கணக்கைத்தான் உலகம்மை ஏழு வருஷமாகத் தலைமாட்டில் வைத்துப் படுத்தாள். அவன் வரவில்லை என்றால் அவள்மேல் பழி இல்லை. வந்திருந்தால், யாரோ ஒருவன் அவளை அவ்வளவு வேண்டியிருக்கிறான். இரண்டில் எது உண்மையாக இருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறோம் என்பதே அவளுக்குத் தெரியவில்லை. அவனைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது, அது மட்டும் நிச்சயமாகத் தெரிந்தது.

இதை அவள் ஒரே ஒருத்தியிடம்தான் சொன்னாள். டைம் கீப்பர் அறை வாசலில் பூக்கடை வைத்திருக்கும் பாக்கியத்தம்மாள், வாய் ஓயாத பேச்சுக்காரி, ஆனால் ஒன்றை வைத்துக்கொள் என்று கொடுத்தால் உயிர் போனாலும் வெளியே விடமாட்டாள். அவளுக்கும் நாள் இருந்தது, ஆகஸ்ட் நாலு. அவளுடைய மகன் சவூதிக்குக் கிளம்பிய நாள். "போயிட்டு வாரேம்மான்னான் தாயி. ஒரு கல்யாண மாலைக்கு அவசரம், சரிடான்னு சொன்னேனே ஒழிய தலைய நிமித்திப் பாக்கல. அங்க போயி ரெண்டாம் மாசம் பெட்டியில வந்தான். மூடுன பெட்டி. தெறக்கக் கூடாதுன்னுட்டாவ." பூவைத் தொடுத்துக்கொண்டே சொன்னாள். கை நிற்கவில்லை. "நான் அன்னைக்கு விட்ட பார்வைய ஒரு தடவ பாத்துட்டா போதும். சட்டை என்ன கலருன்னுகூட எனக்குத் தெரியாது."

ஐப்பசி போனது. கார்த்திகை வந்தது. வெளியே பனைக்கோட்டூர் ஊறிக் கிடந்தது, திரைக்குள் பங்குனி காய்ந்து சித்திரை காய்ந்து வைகாசி பிறந்தது, நனைந்த முண்டாசோடு வந்து உட்கார்ந்தவர்கள் உள்ளே அடிக்கும் வெயிலைப் பார்த்துக் கையால் நெற்றிக்கு நிழல் கட்டினார்கள். லைன்மேனின் அம்மாவுடைய நாள் வந்து போனது. அவர் அழவில்லை, அம்மா கையில் வைத்திருந்த மஞ்சள் பையை மட்டும் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். உலகம்மை ஒவ்வொரு நாளும் கம்ப்யூட்டரின் தேதியைப் பார்த்துவிட்டுத்தான் தூங்கப் போனாள்.

கார்த்திகை இருபத்தெட்டு. கம்ப்யூட்டருக்குள் ஜூன் இரண்டு. அவள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு சேலை கட்டிக்கொண்டு எட்டு மணிக்கே வந்துவிட்டாள், அப்புறம் எதற்கு இந்தச் சேலை என்று தன்னையே நொந்துகொண்டாள். பாக்கியத்தம்மாள் அன்று பெஞ்சுகளைக் காலி செய்யவைத்திருந்தாள். "இன்னைக்குக் காலைல ஒருத்தரும் கிடையாது, மெஷின் ரிப்பேரு" என்று அதட்டி அனுப்பியதில் ஊர் எதையோ புரிந்துகொண்டு எதிர்ச்சாரியில் போய் ஒதுங்கியது. ராத்திரி முழுக்க அடித்த காற்று இன்னும் நிற்கவில்லை.

ஒன்பது இருபதுக்குக் கரண்ட் போனது. ஆற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் மரம் விழுந்து லைனை அறுத்துவிட்டது, லைன்மேன் என்ன செய்தும் மத்தியானம்வரை ஒன்றும் நடக்காது. யூபிஎஸ் கத்த ஆரம்பித்தது. ரேடியோ செட் கடையில் ஜெனரேட்டர் இருந்தது, ஆட்டோக்காரர்கள் எடுத்துவர ஓடினார்கள். ஆனால் கடை, ஓடைத் தண்ணீர் ரோட்டின்மேலே வழிந்தோடும் தாம்போதிக்கு அந்தப் பக்கம், தாம்போதியில் இடுப்பளவு தண்ணீர். கயிறு கட்டி இழுக்கிறோம், பத்தரைக்குள் கொண்டுவந்து விடுகிறோம் என்று போனில் சொன்னார்கள்.

பத்து மணிக்கு உலகம்மை யூபிஎஸ்ஸின் விளக்குகளைப் பார்த்தாள். ஒன்றுதான் மிச்சம். இப்படியே ஓடினால் இன்னும் பதினைந்து நிமிஷம். மானிட்டர்தான் அதிகம் குடிக்கிறது, அதை அணைத்துவிட்டால் பெட்டி மட்டும் முக்கால் மணி நேரம் தாங்கும். பத்து பத்தைப் பார்க்கலாம். பார்த்து முடித்த கையோடு எல்லாம் அணைந்து, மறுபடி மார்ச் ஒன்பதுக்குப் போய் நிற்கும்.

திரையில் கோயம்புத்தூர் வண்டி மூன்றாம் நடைமேடைக்குள் வந்து நின்றது. பழைய பச்சை நிற வண்டி. ஆட்கள் இறங்கினார்கள். யாரும் ஏறவில்லை இன்னும்.

"அண்ணாச்சி," என்றாள், "பாக்கியக்காவோட நாளுக்கு இன்னும் எத்தன இருக்கு?"

சங்கரபாண்டியனுக்குக் காலண்டரைப் பார்க்கத் தேவையில்லை. "அறுவத்தி மூணு."

"அணைஞ்சா?"

"நூத்தி நாப்பத்தெட்டு. முதல்லேருந்துல்லா."

பாக்கியத்தம்மாள் வாசலில் இருந்தபடியே கேட்டுவிட்டாள். "ஏட்டி உலகு, நீ பாரு. எனக்கென்ன, இன்னொரு தடவ காத்துக் கெடக்கேன். இங்கதான உக்காந்துருக்கப் போறேன்." சொல்லும்போது குரல் நேராகத்தான் இருந்தது, ஆனால் ஒன்றரை வருஷமாக அவளுக்குக் கண்ணில் புரை வளர்ந்துகொண்டிருந்தது உலகம்மைக்குத் தெரியும். நூற்று நாற்பத்தெட்டு நாளுக்குப் பிறகு அந்தச் சட்டையின் நிறம் அவளுக்குத் தெரியுமா என்று யாரும் சொல்ல முடியாது.

உலகம்மை திரைக்கு அருகில் முகத்தைக் கொண்டுபோனாள். வண்டிக்குப் பின்னால் நடைமேடையின் ஓரத்தில் யாரோ வருவதுபோல இருந்தது. நிழல் மட்டும் தெரிந்தது, ஆள் இன்னும் தெரியவில்லை. இன்னும் ஒரு நிமிஷம் பொறுத்தால் போதும். அரை நிமிஷம்கூடப் போதும். அரை நிமிஷத்தில் அவன் வந்துவிட்டால் கண்ணை எடுக்க முடியாது என்பதும் அவளுக்குத் தெரிந்திருந்தது, ஒன்பதரைக்கு எழுந்திருக்கலாம், பத்துக்கு எழுந்திருக்கலாம் என்று ஒருதடவை உட்கார்ந்தே தொலைத்தவள் அவள். இந்தத் தடவை உட்கார்ந்திருக்கவில்லை. கையை நீட்டி மானிட்டரை அணைத்தாள்.

"அடிப்பாவி" என்றாள் பாக்கியத்தம்மாள்.

யூபிஎஸ் கத்துவது நின்றது. கறுத்துப்போன திரையில் உலகம்மையின் முகமும் பின்னால் சங்கரபாண்டியனின் கண்ணாடியும் தெரிந்தன. சுவர்க்கடிகாரம் பத்து ஒன்பது காட்டியது. பெட்டிக்குள் காற்றாடி சுற்றும் சத்தமும் மழையும் தவிர வேறொன்றும் இல்லை. அங்கே வண்டி நிற்கிறது, வெயில் அடிக்கிறது, அவன் வந்துவிட்டானோ வரவில்லையோ, அவளுக்கும் அதற்கும் நடுவில் இருப்பது ஒரு சின்ன பொத்தான். அவள் கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

பத்து பத்துக்கு ஸ்பீக்கர் பேசியது.

"கோயம்புத்தூர் வண்டி நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள்."

அவளுடைய குரல்தான். மூன்றாம் நடைமேடையில் யாரோ கையைத் தூக்கி மூன்று விநாடி பிடித்திருக்கிறார்கள்.

"ஒருத்தரு ஊர் கேட்டுருப்பாரு" என்றார் சங்கரபாண்டியன் மெதுவாக.

"கோயம்புத்தூர் வண்டி நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள்."

ஒரு நிமிஷம் கழித்து மறுபடியும். அதன்பிறகு அரை நிமிஷத்தில் மறுபடியும். பத்து பத்து தாண்டியது, பத்து பன்னிரண்டு ஆனது, வண்டி கிளம்பவில்லை. சங்கரபாண்டியன் எழுந்து நின்றுவிட்டார். முப்பது வருஷம் வண்டிகளை நேரத்துக்கு அனுப்பிய மனுஷர் அவர், நிற்கிற வண்டிக்கு எதிரே நின்றுகொண்டு ஒருவன் எதற்கு விடாமல் கையைத் தூக்குவான் என்று அவருக்குத் தெரியும். ஏறப்போகிறவன் தூக்க மாட்டான். டிரைவர் கிளப்பப் பார்க்கும்போது, கொஞ்சம் பொறுங்கள், இன்னும் ஓர் ஆள் வர வேண்டும் என்று வண்டிக்கு முன்னால் போய் நிற்கிறவன்தான் அப்படித் தூக்குவான்.

"கோயம்புத்தூர் வண்டி நிற்கிறது, சீக்கிரம் வாருங்கள்."

எதிர்ச்சாரியில் ஒதுங்கியிருந்த கூட்டம் ஸ்பீக்கர் பக்கம் திரும்பியது. மழைக்குள் அந்தக் குரல் மூன்றாம் நடைமேடையைத் தாண்டி, கட்டணக் கழிப்பறையைத் தாண்டி, அவள் அப்பாவுக்குப் பேப்பர் வாசித்த தெருவரைக்கும் போனது. உலகம்மை சுவரில் சாய்ந்து நின்று, தன் குரல் தன்னைக் கூப்பிடுவதைக் கேட்டாள். தூக்கிய கையும் தெரியவில்லை, முகமும் தெரியவில்லை. வாருங்கள் என்கிறபோதெல்லாம் அவளுடைய கால் ஒரு அடி முன்னால் போய்த் திரும்ப வந்தது.

பத்து இருபத்தொன்றுக்குக் கடைசியாக ஒருதரம் பேசியது. பிறகு பேசவில்லை.

பத்து இருபத்தாறுக்கு ஜெனரேட்டர் வந்தது. நெஞ்சுவரை நனைந்த ஆட்டோக்காரர்கள் ஒயரை இழுத்துக் கொடுக்க, சங்கரபாண்டியன் மானிட்டரைப் போட்டார். வண்டி போயிருந்தது. வெயில் இருந்தது. காலியான நடைமேடையில் ஒரு நாய் படுத்திருந்தது. உலகம்மை அதையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நின்றாள், யாரும் அவளைக் கூப்பிடவில்லை.

"எத்தன தடவண்ணாச்சி?" என்று கேட்டாள்.

"நான் எண்ணலம்மா." அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார்.

"பதினொண்ணு" என்றாள் பாக்கியத்தம்மாள்.

அவள் கையில் பிச்சிப்பூச் சரம் இருந்தது. குரல் கேட்ட ஒவ்வொரு தடவைக்கும் ஒரு முடிச்சு, அதற்குமேல் ஒன்றும் தொடுக்காமல் வைத்திருந்தாள். நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள், எழுந்து அறைக்குள் வந்தாள்.

"வந்துருக்காங்க்கா" என்றாள் உலகம்மை. அவ்வளவுதான் சொல்ல வந்தது. "வந்து நின்னுருக்கான். பதினொரு நிமிசம் வண்டியப் புடிச்சு வச்சுருக்கான் எனக்காக." ஏழு வருஷத்துக் கணக்கும் தப்பாகிப் போனது, அந்தத் தப்பில் அவள் குழந்தைபோல விக்கி விக்கி அழுதாள். பழி அவள்மேல்தான். அவனுக்கு அவள் அவ்வளவு வேண்டியிருந்தாள். இரண்டும் ஒரே மூச்சில் நெஞ்சுக்குள் இறங்கின.

பாக்கியத்தம்மாள் அவளுடைய தலையைத் தன் பக்கம் திருப்பி, கூந்தலை விரலால் கோதி, பதினொரு முடிச்சுப் பூவைக் கல்யாணப் பெண்ணுக்கு வைப்பதுபோல நின்று நிதானமாக வைத்துவிட்டாள். உலகம்மை தலையைச் சாய்த்துக் கொடுத்தாள்.

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு போய், யூபிஎஸ் ஏறுகிறதா என்று பார்த்தாள். ஏறிக்கொண்டிருந்தது. பாக்கியத்தம்மாளின் மகன் அந்த நடைமேடைக்கு வர இன்னும் அறுபத்து மூன்று நாள் இருந்தது.